புள்ளியும் மடக்கும்

நுழையும்முன்

உடுக்குறிகளை அடுக்கித் திரையில் முக்கோணம் வரையும் நிரலை எழுதிப் பார்க்காமல் கணினி அறிவியல் பயிலும் மாணவர் எவரும் பதினொன்றாம் வகுப்பைக் கடப்பதில்லை. ஆனால், அந்நிரலை மனப்பாடமாக எழுதுவோரே மிகுதி. வினாத்தாளில் முக்கோணம் தலைகீழாக நின்றுவிட்டால் அவர்தம் கை நின்றுவிடுகிறது. அந்நிரலின் உள்ளே நிகழ்வது என்ன என்பதை மதுரையின் வீதிகளும், பழந்தமிழ்ச் சித்திரகவியும், மார்கழி வைகறையில் வாசலில் இடப்படும் கோலமும் ஒவ்வொரு வகையில் காட்டுகின்றன.

வீதிக்குள் வீதி

மதுரை மாநகரின் நடுவே மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயில் அமைந்துள்ளது. கோயில் மதிலின் உட்புறத்தே ஆடி வீதிகள் உள்ளன. மதிலுக்கு வெளியே சித்திரை வீதிகள். அவற்றைச் சூழ்ந்து ஆவணி மூல வீதிகள். அவற்றையும் சூழ்ந்து மாசி வீதிகள். எல்லாவற்றுக்கும் புறத்தே, முற்காலத்தில் கோட்டை மதில் நின்ற பகுதியில், வெளி வீதிகள் செல்கின்றன. ஒவ்வொரு சுற்றும் ஏறத்தாழச் சதுரமாகக் கோயிலை வளைத்து வருவது. ஒவ்வொரு சதுரத்துக்கும் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என நான்கு பக்கங்கள் உண்டு. கீழ மாசி வீதி, தெற்கு மாசி வீதி, மேல மாசி வீதி, வடக்கு மாசி வீதி என்று மக்கள் வழங்கும் பெயர்கள் இவ்வாறு அமைந்தவையே. சுற்று ஐந்து, திசை நான்கு. ஆக, வீதிப் பெயர்கள் இருபது.

இந்த இருபது பெயர்களையும் எழுதித் தருமாறு ஒருவரிடம் சொல்ல வேண்டுமானால், இருபதையும் ஒப்பிக்க வேண்டியதில்லை. மூன்று வரிகள் போதும்:

ஒவ்வொரு சுற்றுக்கும் – ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி:
    ஒவ்வொரு திசைக்கும் – கீழ, தெற்கு, மேல, வடக்கு:
        திசை, சுற்று, ‘வீதி’ என எழுதுக

ஒரு கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் அமைப்பைக் கணினி அறிவியல் ‘மடக்கு’ என்கிறது. மேலே காண்பது மடக்குக்குள் அமைந்த மடக்கு. பின்னலான மடக்கு என்பது இதன் பெயர். சுற்று என்பது வெளிமடக்கு. திசை என்பது உள்மடக்கு. வெளிமடக்கு ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் உள்மடக்கு தன் நான்கு அடிகளையும் முடித்துவிடுகிறது. சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் வலம் வரும் தேரை நினைத்துக்கொள்ளலாம். சுற்று ‘மாசி’ என நிலைத்து நிற்க, திசை மட்டும் ஒவ்வொன்றாக மாறி, தேர் நிலைக்கு வந்து சேர்கிறது.

இனி, முதல் இரண்டு வரிகளை இடம் மாற்றுவோம். திசை வெளிமடக்காகவும் சுற்று உள்மடக்காகவும் ஆகின்றன. அப்போதும் அதே இருபது பெயர்கள்தாம் கிடைக்கும். ஆனால், வரும் முறை வேறு. கீழ ஆடி, கீழச் சித்திரை, கீழ ஆவணி மூல, கீழ மாசி, கீழ வெளி எனப் பெயர்கள் வருகின்றன. வலம் வந்தவர் இப்போது கோயிலிலிருந்து கிழக்கு நோக்கி ஊருக்கு வெளியே நடக்கிறார். ஒரு வரி மேலே சென்றதால் பயணமே மாறிவிட்டது. பின்னலான மடக்கைக் கற்பவர் முதலில் கேட்க வேண்டிய வினா ‘எத்தனை முறை?’ என்பதன்று, ‘எது நிற்க, எது நகர்கிறது?’ என்பதே.

ஏறி இறங்கும் எண்கள்

தமிழ் பயில்வோர்க்கு மடக்கு என்னும் சொல் புதிதன்று. தண்டியலங்காரம் சொல்லணியியலில் மடக்கினை விளக்குகிறது. செய்யுளில் முன்னர் வந்த எழுத்துத் தொடர் மீண்டும் வரும்போது வேறு பொருள் தந்து நிற்பது மடக்கணி. கணினியின் மடக்கும் இத்தகையதே. கட்டளையின் எழுத்துகள் மாறுவதில்லை. அதனுள் இருக்கும் மாறியின் மதிப்பு மாறுவதால் ஒவ்வொரு முறையும் வேறு பயன் விளைகிறது. இக்கலைச்சொல்லை ஆக்கியோர் அணியிலக்கணத்தை எண்ணித்தான் ஆக்கினரோ இல்லையோ, சொல் பொருத்தமாகவே வாய்த்துள்ளது.

அதே சொல்லணியியலில் இடம்பெறும் சித்திரகவி நிரலாக்கத்துக்கு இன்னும் அணுக்கமானது. சொற்களைப் பாம்பு, தேர் முதலிய உருவங்களுக்குள் அடக்கிப் பாடும் இவ்வகையுள் ‘எழுகூற்றிருக்கை’ என்பது ஒன்று. திருஞானசம்பந்தர், திருமங்கையாழ்வார், அருணகிரிநாதர் ஆகியோர் இவ்வகையில் பாடியுள்ளனர். ஒன்று முதல் ஏழு வரையான எண்கள், அடுக்கடுக்காக ஒன்றிலிருந்து ஏறி மீண்டும் ஒன்றுக்கு இறங்கி வருமாறு பாடல் அமைகிறது. எண்கள் வெறும் எண்களாக நில்லாமல் பொருளுடைய சொற்களுக்குள் புதைந்து வருவதே புலவரின் திறம். பொருளை ஒதுக்கி எண்களை மட்டும் எழுதினால் அடுக்குகளின் வடிவம் பின்வருமாறு தோன்றும்:

1
1 2 1
1 2 3 2 1
1 2 3 4 3 2 1

இவ்வாறே ஏழாம் அடுக்கு வரை செல்கிறது. அடுக்குகளை நடுவில் ஒழுங்குபடுத்தி எழுதினால் தேரின் வடிவம் கிடைக்கும். நிரலாக்கம் பயிலத் தொடங்குவோர்க்கு இன்று உலகெங்கும் தரப்படும் ‘எண் கோபுரம்’ என்னும் பயிற்சியும் இதுவே. அதன் நெறிமுறையைத் தமிழில் எழுதலாம்:

அடுக்கு 1 முதல் 7 வரை:
    எண் 1 முதல் அடுக்கு வரை ஏறுமுகமாக: எண்ணை எழுதுக
    எண் (அடுக்கு − 1) முதல் 1 வரை இறங்குமுகமாக: எண்ணை எழுதுக
    அடுத்த வரிக்குச் செல்க

மதுரை வீதிகளுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. வீதிகளில் எந்தச் சுற்றானாலும் திசை நான்குதான். உள்மடக்கு வெளிமடக்கைப் பற்றிக் கவலைப்படவில்லை. அத்தகைய மடக்குகள் செவ்வகத்தையே தரும். எழுகூற்றிருக்கையிலோ உள்மடக்கு எங்கே நிற்க வேண்டும் என்பதை வெளிமடக்கின் மாறி முடிவுசெய்கிறது. ‘1 முதல் அடுக்கு வரை’ என்னும் தொடரில் உள்ள ‘அடுக்கு’ என்ற ஒரு சொல்லே செவ்வகத்தைக் கோபுரமாக்குகிறது. முக்கோண நிரலை மனப்பாடம் செய்வோர் பெரும்பாலும் தவறவிடுவது இந்த ஒரு சொல்லைத்தான்.

முதல் அடுக்கில் இரண்டாம் உள்மடக்கு 0 முதல் 1 வரை இறங்க வேண்டும். அது இயலாது, எனவே, ஒருமுறைகூட இயங்காமல் அது முடிந்துவிடுகிறது. இதனைப் பிழை எனக் கருதி முதல் அடுக்குக்குத் தனிக் கட்டளை எழுதுவோர் உண்டு. அது தேவையில்லை. செய்ய ஒன்றும் இல்லாதபோது ஒன்றும் செய்யாமல் விலகுவதும் மடக்கின் இயல்பே. ஏழு அடுக்குகளிலும் உள்ள எண்களைக் கூட்டினால் 1 + 3 + 5 + 7 + 9 + 11 + 13 = 49. ஒற்றைப்படை எண்களைத் தொடர்ந்து கூட்டினால் வர்க்க எண் வரும் என்று கணிதத்தில் படித்தது இங்கே தேராக நிற்கிறது.

பதினைந்து புள்ளி, எட்டில் நிறுத்து

அலங்காநல்லூர், மேலூர், உசிலம்பட்டி என மதுரையைச் சூழ்ந்த ஊர்களில் மார்கழி பிறந்துவிட்டால் விடியுமுன்னே வாசல் தெளித்துக் கோலமிடுவது வழக்கம். கோலத்தின் நடுவே சாண உருண்டையில் பூசணிப் பூவைச் செருகி வைப்பார்கள். பெண்கள் பலரிடம் கோல நோட்டு ஒன்று இருக்கும். அதில் படத்தின் கீழே ‘15 – 8, ஊடுபுள்ளி’ என்றோ ‘7 – 1, நேர்ப்புள்ளி’ என்றோ சுருக்கமாக ஒரு குறிப்புக் காணப்படும். ஊடுபுள்ளியைச் சில ஊர்களில் இடைப்புள்ளி என்றும் சந்துப்புள்ளி என்றும் சொல்வர்.

அந்தக் குறிப்பே ஒரு நிரல்தான். அதனைப் படிக்கத் தெரியாத ஒரு மாணவி தன் தாயிடம் கேட்பதாக வைத்துக்கொள்வோம்.

“பதினஞ்சு – எட்டுன்னா என்னம்மா? எத்தனை வரிசைன்னு போடலையே?”

“நடு வரிசையை மொதல்ல வச்சிரு, பதினஞ்சு. அப்புறம் மேலயும் கீழயும் ஒண்ணு ஒண்ணாக் கொறச்சுக்கிட்டே போ. எட்டு வந்தா நிப்பாட்டு. வரிசை தானா வரும்.”

தாய் சொன்ன மூன்று தொடர்களில் தொடக்க மதிப்பு, ஒவ்வொரு முறையும் நிகழும் மாற்றம், நிற்கும் நிபந்தனை ஆகிய மூன்றும் வந்துவிட்டன. ஒரு மடக்குக்கு வேண்டியவை இம்மூன்றே. வரிசைகளின் எண்ணிக்கையை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. 15-இலிருந்து 8 வரை ஏழு முறை குறையும். மேலே ஏழு, கீழே ஏழு, நடுவே ஒன்று எனப் பதினைந்து வரிசைகள் தாமாக அமையும். மொத்தப் புள்ளிகள் 15 + 2 × (14 + 13 + 12 + 11 + 10 + 9 + 8) = 169.

ஒவ்வொரு வரிசையின் புள்ளியும் முந்திய வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவே விழுவதால் இது ஊடுபுள்ளி. ஒரு புறத்துக்கு அரைப் புள்ளி அளவு உள்வாங்குவதால் வரிசைக்கு ஒரு புள்ளி குறைகிறது. நேர்ப்புள்ளியில் புள்ளிக்கு நேராகப் புள்ளி வரும். ஒரு புறத்துக்கு ஒரு புள்ளி வீதம் வரிசைக்கு இரண்டு புள்ளிகள் குறையும். ஊடுபுள்ளி அறுகோணமாக விரியும். நேர்ப்புள்ளி ஒன்று வரை குறைந்தால் முனையில் நிற்கும் சதுரமாகும்.

இப்போது ஓர் இடர்ப்பாடு எழுகிறது. தாய் நடு வரிசையிலிருந்து தொடங்கினார். வாசலில் அது இயலும். கை மேலேயும் செல்லும், கீழேயும் செல்லும். ஆனால், எழுத்துகளை அச்சிடும் எளிய நிரல் திரையின் மேலிருந்து கீழ்நோக்கி மட்டுமே எழுதிச் செல்லும். எழுதி முடித்த வரிக்கு மேலே திரும்பிச் சென்று அது எழுதாது. ஆகவே, தாயின் முறையை அப்படியே கணினிக்குச் சொல்ல முடியாது. நடு வரிசையை இடுவதற்கு முன்பே முதல் வரிசையில் எத்தனை புள்ளி என்று கணினிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கைக்கு எளிதாக இருந்த ஒன்றைக் கணக்காக மாற்ற வேண்டிய இடம் இதுவே. ஒரு வரிசை, நடு வரிசையிலிருந்து எத்தனை வரிசை தள்ளி இருக்கிறதோ அத்தனை புள்ளிகள் அதில் குறையும். அந்த இடைவெளியைத் ‘தொலைவு’ என்று அழைப்போம். சிறிய கோலமாக ‘7 – 4, ஊடுபுள்ளி’யை எடுத்துக்கொண்டால் நெறிமுறை இவ்வாறு அமையும்:

வரிசை 1 முதல் 7 வரை:
    தொலைவு = வரிசைக்கும் 4-க்கும் உள்ள வேறுபாடு
    தொலைவு முறை: வெற்றிடம் ஒன்று இடுக
    (7 − தொலைவு) முறை: புள்ளி ஒன்றும் வெற்றிடம் ஒன்றும் இடுக
    அடுத்த வரிக்குச் செல்க

வரிசை 1, 2, 3 எனச் செல்லும்போது தொலைவு 3, 2, 1 எனக் குறைந்து, நான்காம் வரிசையில் 0 ஆகி, மீண்டும் 1, 2, 3 என வளர்கிறது. புள்ளிகள் 4, 5, 6, 7, 6, 5, 4, மொத்தம் 37.

   ● ● ● ●
  ● ● ● ● ●
 ● ● ● ● ● ●
● ● ● ● ● ● ●
 ● ● ● ● ● ●
  ● ● ● ● ●
   ● ● ● ●

இதனையே ‘7 – 1, நேர்ப்புள்ளி’யாக மாற்ற என்ன செய்ய வேண்டும்? இரண்டாம் வரியில் தொலைவை இருமடங்காக்கினால் போதும். வேறு எதையும் தொட வேண்டியதில்லை. புள்ளிகள் 1, 3, 5, 7, 5, 3, 1 என வரும், மொத்தம் 25.

      ●
    ● ● ●
  ● ● ● ● ●
● ● ● ● ● ● ●
  ● ● ● ● ●
    ● ● ●
      ●

கோல நோட்டில் ‘ஊடு’, ‘நேர்’ என்று ஒரு சொல்லால் குறித்த வேறுபாடு நிரலில் ‘1’, ‘2’ என ஓர் எண்ணாக நிற்கிறது. இரண்டு நிரல்களாக மனப்பாடம் செய்தவர் இதனைக் காண்பதில்லை. ஒன்றைப் புரிந்துகொண்டவர்க்கு இரண்டும் கைவரும்.

புள்ளியை வரிசையும் இடமும் கொண்டு எண்ணுவது வாசலோடு நிற்பதன்று. மதுரையில் சௌராட்டிரர் வளர்த்த சுங்குடிச் சேலையிலும் புள்ளிகளே அணி. துணியைக் கிள்ளி நூலால் முடிந்து, சாயத்தில் தோய்த்து, பின்னர் முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத இடம் புள்ளியாக மலரும். முடிச்சு ஒன்று விட்டுப்போனால் அந்த இடம் சாயமாகவே நின்றுவிடும். புவிசார் குறியீடு பெற்ற இத்தொழிலில் ஒவ்வொரு முடிச்சும் உள்மடக்கின் ஒரு சுற்றுக்கு ஒப்பானது.

கையால் ஓட்டிப் பார்த்தல்

பின்னலான மடக்கில் தொடக்க நிலையினர் செய்யும் பிழைகள் பெரும்பாலும் சிலவே. ‘அடுத்த வரிக்குச் செல்க’ என்னும் கட்டளையை உள்மடக்குக்குள் வைத்துவிட்டால் 37 புள்ளிகளும் வரிக்கு ஒன்றாகக் கீழே இறங்கிவிடும். அக்கட்டளையை மறந்துவிட்டால் அனைத்தும் ஒரே கோடாக நீளும். இவ்விரண்டும் திரையைப் பார்த்தவுடன் தெரிந்துவிடுபவை.

மூன்றாவது பிழை நுட்பமானது. உள்மடக்கின் எண்ணும் மாறியை ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் மீண்டும் 1 ஆக்க வேண்டும். அதனை வெளிமடக்குக்கு முன்பே ஒருமுறை மட்டும் 1 ஆக்கிவிட்டு மறந்தால், முதல் வரிசையின் புள்ளிகள் சரியாக விழும். அடுத்த வரிசையில் ஒரு புள்ளி விழும், அல்லது அதுவும் விழாது. முதல் வரிசையின் கடைசிப் புள்ளியில் வைத்த கையை எடுக்காமலே இரண்டாம் வரிசைக்கு வந்தவரின் நிலை அது. வரிசையின் தொடக்கத்துக்குக் கை திரும்பவில்லை.

நான்காவது, இரு மடக்குக்கும் ஒரே மாறியைப் பயன்படுத்துவது. சி பிளஸ் பிளஸ் போன்ற மொழியில் 7 வரை செல்லும் வெளிமடக்கின் மாறியையே, 5 வரை செல்லும் உள்மடக்கும் எடுத்துக்கொண்டால், உள்மடக்கு முடியும்போதெல்லாம் மாறி 6 ஆக நிற்கும். வெளிமடக்கு அதனை 7 ஆக்கும். உள்மடக்கு மீண்டும் 1-இல் தொடங்கி 6-இல் விடும். நிரல் முடிவே இல்லாமல் ஓடும். இயந்திரத்தைக் குறை கூறிப் பயனில்லை. சொன்னதைத்தான் அது செய்கிறது.

இப்பிழைகளைக் கண்டறியத் தாளும் பென்சிலும் போதும். வரிசை, தொலைவு, வெற்றிடம், புள்ளி என நான்கு கட்டங்கள் இட்டு, கணினி செய்வதை ஒவ்வொரு படியாகத் தாமே செய்து மதிப்புகளை எழுதிச் செல்ல வேண்டும். ஏழு வரிகள் எழுதச் சில நிமிடங்கள் ஆகும். விசைப்பலகையில் எண்களை மாற்றி மாற்றித் தட்டிப் பார்ப்பதில் கழியும் நேரத்தை நோக்க இது குறைவுதான்.

தெரியுமா?

கட்டளைச் சொற்கள் அனைத்தும் தமிழிலேயே அமைந்த நிரலாக்க மொழி ‘எழில்’. பள்ளி மாணவர்கள் தாய்மொழியில் நிரலாக்கம் பயிலும் பொருட்டு முத்து அண்ணாமலை இதனை உருவாக்கினார்.

தாம்பரத்தில் ஓர் ஆய்வு

கோலத்தைக் கணினி அறிவியலின் கண்கொண்டு நோக்கும் முயற்சி தமிழ்நாட்டிலேயே தொடங்கியது. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக விளங்கியவர் கிஃப்ட் சிரோமணி (1932–1988). கல்வெட்டெழுத்து, சிந்துவெளி எழுத்து எனப் பல துறைகளில் ஆர்வம் கொண்டவர். அவரும், அக்கல்லூரியின் கணிதப் பேராசிரியர் இராணி சிரோமணியும், பின்னாளில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியரான கமலா கிருத்திவாசனும் இணைந்து, அணி இலக்கணங்களும் கோலமும் பற்றிய ஆய்வுக் கட்டுரையை 1974-ஆம் ஆண்டு கணினி வரைகலைக்கான பன்னாட்டு ஆய்விதழில் வெளியிட்டனர்.

இங்கே ‘அணி’ என்பது செய்யுள் அணி அன்று. வரிசையும் நிரலுமாக அமைந்த கட்டங்கள். ஒரு மொழியில் சொற்கள் எவ்வாறு சேர்ந்து தொடராகும் என்பதை இலக்கண விதிகள் கூறுவதுபோல, கோலத்தின் உறுப்புகள் எவ்வாறு சேர்ந்து முழுக்கோலமாகும் என்பதை விதிகளால் கூற முடியும் என்று அவர்கள் காட்டினர். ஒரு கோலத்தின் சிறிய வடிவம், அடுத்த பெரிய வடிவம், அதற்கும் அடுத்தது என விரியும் கோலக் குடும்பத்தைச் சில விதிகளுக்குள் அடக்கலாம். வாசலுக்கு ஏற்ப ஒரே கோலத்தைச் சிறிதாகவும் பெரிதாகவும் இடும் பெண்களின் பழக்கம் ஆய்வேட்டில் இலக்கணமாக எழுந்தது. பின்னாளில் அமெரிக்கக் கணித அறிஞர் மார்சியா ஆஷர் 2002-இல் கோல மரபு பற்றி எழுதியபோது இந்தத் தாம்பரத்து ஆய்வுகளை எடுத்துரைத்தார்.

கோலமிடுவதை ஆராய்ந்தோர்க்கு மற்றொன்றும் புலப்பட்டது. கம்பிக் கோலம் இடும் பெண்கள் அதனை முழுப் படமாக மட்டும் நினைவில் வைத்திருப்பதில்லை. கையின் அசைவுகளின் தொடராகவும் வைத்திருக்கின்றனர். நேராகச் செல்லுதல், வலப்புறம் திரும்புதல், இடப்புறம் திரும்புதல், வளைந்து மீளுதல், சுழித்துச் செல்லுதல் போன்ற சில அசைவுகளே மீண்டும் மீண்டும் வருகின்றன. அமெரிக்காவில் 1967-இல் சிறுவர்க்கென உருவாக்கப்பட்ட ‘லோகோ’ என்னும் நிரலாக்க மொழியில் ஆமை ஒன்று ‘முன்னே செல்’, ‘வலப்புறம் திரும்பு’ என்னும் கட்டளைகளைக் கேட்டுக் கோடு வரையும். வாலி ஃபியூர்சைக், சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் அம்மொழியை உருவாக்கினர். மதுரை வாசலில் மாவு சிந்தி நகரும் விரல்களும் திரையில் நகரும் ஆமையும் கேட்கும் கட்டளைகள் ஒரே இனத்தவை.

கம்பி கேட்கும் கணக்கு

புள்ளி வைப்பதற்குப் பின்னலான மடக்கு போதுமானது. கம்பி இழுப்பதற்கு அது மட்டும் போதாது. புள்ளியை இடும்போது இரண்டு எண்கள் தெரிந்தால் போதும். எத்தனையாவது வரிசை, அதில் எத்தனையாவது இடம். கம்பியோ எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒரே சந்திப்பைக் கம்பி இரண்டு முறை கடக்கும். ஒருமுறை இடச்சாய்வாக, மறுமுறை வலச்சாய்வாக.

இதற்கு வேறுவகை விதிகள் உதவுகின்றன. தாவரங்களின் வளர்ச்சியை விளக்க உயிரியலாளர் அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968-இல் ஒரு முறையை வகுத்தார். ஒவ்வொரு குறிக்கும் பதிலாக ஒரு குறித்தொடரை இட்டுக்கொண்டே செல்வது அம்முறை. கிளை ஒன்று இரண்டாகப் பிரிவதும், பிரிந்தவை மீண்டும் பிரிவதும் இவ்விதியால் விளங்கும். அதே விதியால் கம்பிக் கோலங்கள் சிலவற்றின் அசைவுத் தொடரையும் பெருக்கிக்கொண்டே செல்லலாம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ‘கிருஷ்ணன் சலங்கை’ என்னும் கோலம் செடிகொடிகளின் படங்களுக்கு அருகே கணினி வரைகலை நூல்களில் இடம்பெற்றது இவ்வாறுதான்.

ஆனால், கம்பி பற்றிய ஒரு வினாவைப் பதினொன்றாம் வகுப்பு மாணவரே ஆராயலாம். புள்ளிகளைச் செவ்வகமாக வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிக் கம்பி சாய்வாகச் சென்று, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவில் குறுக்கிட்டு, ஓரத்தில் மட்டும் வளைந்து மீளுமாறு சிக்குக் கோலம் இடப்படுகிறது. அதனைக் கையெடுக்காமல் ஒரே கம்பியில் முடிக்க இயலுமா? இயன்றால் அது சிறப்பு என்று கோலமிடுவோர் கருதுவர்.

மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி வைத்து இட்டுப் பார்த்தால், தொடங்கிய இடத்துக்குக் கம்பி விரைவில் வந்து சேர்ந்துவிடும். சுற்றப்படாத புள்ளிகள் மிஞ்சும். மூன்று தனிக் கம்பிகள் தேவைப்படும். வரிசைக்கு ஒரு புள்ளியைக் கூட்டி மூன்றுக்கு நான்கு என வைத்தால், ஒரே கம்பி பன்னிரண்டு புள்ளிகளையும் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்தில் முடியும். நான்குக்கு ஆறு என்றால் இரண்டு கம்பிகள். வரிசைகளின் எண்ணிக்கைக்கும் வரிசைக்குரிய புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அதுவே கம்பிகளின் எண்ணிக்கை.

வரிசை 2 முதல் 10 வரை வெளிமடக்காகவும், புள்ளி 2 முதல் 10 வரை உள்மடக்காகவும் கொண்டு, ஒவ்வோர் இணைக்கும் மீப்பெரு பொதுக் காரணியைக் கணித்து, அது 1 ஆக வரும் இடத்தில் புள்ளியும் மற்ற இடத்தில் வெற்றிடமும் இடுமாறு ஒரு நிரல் எழுதலாம். ஒரே கம்பியில் முடியும் கோலங்கள் அத்தனையும் ஒன்பதுக்கு ஒன்பது கட்டத்தில் புள்ளிகளாக விழும். மூலைவிட்டம் முழுவதும் வெறுமையாக இருக்கும். சதுரமாகப் புள்ளி வைத்தால் ஒரே கம்பியில் ஒருபோதும் முடியாது. வாசலில் புள்ளி வைத்து முடித்தபின் ஒருமுறை எண்ணிப் பார்த்து, ஓரத்தில் இன்னொரு நிரைப் புள்ளியைக் கூட்டி வைப்பவரின் கணக்கும் இதுவே.